நாற்பது நிமிடம்

பார்சல் மஸ்கட் சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்தது.
என்ன இலை என்று மூன்று முறை கேட்டார்கள்.
சிறுகுறிஞ்சான் என்றேன்.
லத்தீனில் எழுதிக் கொடுத்தேன்.
கடைசியில் டாக்டர் ஸுவைதா நேரில் போய்
சர்க்கரை நோய்க்கு என்றார்.
மேசைக்குப் பின்னால் இருந்தவர்
முத்திரையைக் குத்திவிட்டுக் கேட்டாராம்:
"எப்போது கிடைக்கும்?"

நிஸ்வாவில் ஜூலை.
வெளியே நாற்பத்தேழு.
எலி அறையில் எப்போதும் இருபத்திரண்டு.
என் வாடகை அறையில் ஏசி இருமும்,
இங்கே இருமாது.

முதலில் நோயைக் கொடுக்க வேண்டும்.
அடிவயிற்றில் ஓர் ஊசி, மூன்று நாள் பொறுமை.
பிறகு விடியுமுன் தண்ணீர்ப் புட்டிகள் காலியாகும்.
மரத்தூள் ஊறிக் கனக்கும்.
கூண்டைத் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும்
இதற்கு வந்துவிட்டதென்று.
மீட்டர் பிறகு சொல்லும்:
நானூற்றுப் பன்னிரண்டு.

ஒரு கிலோ இலை, ஐந்து லிட்டர் எத்தனால்,
குடுவை இரண்டு நாள் சுழன்றது.
மிஞ்சியது உள்ளங்கையளவு கரும்பச்சைத் தார்.
அதை நீரில் கரைத்து
நான்காம் குழுவின் தொண்டைக்குள் விட்டேன்.
ஐந்தாம் குழுவுக்கு ஹந்தல்,
இபிரா சாலையோரம் மணலில் உருண்டு கிடக்கும் காய்,
நம் ஊர்ப் பேய்க்குமட்டிதான்,
கசப்பில் இருவருக்கும் ஒரே மொழி.
மூன்றாம் குழுவுக்கு வெறும் தண்ணீர்.
எலிகளுக்கு யார் எந்தக் குழுவென்று தெரியாது.
தெரிந்த எனக்கு மூன்றாம் வரிசையைக் கடக்கும்போது
நடை கொஞ்சம் வேகமாகும்.

இருபத்தோராம் நாள்
நான்காம் குழு சராசரி நூற்றெழுபத்தாறு.
டாக்டர் ஸுவைதா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அமலோற்பவத்தை அமல் என்று சுருக்கியவர் அவர்தான்,
அரபியில் நம்பிக்கை என்று பொருளாம்.
"அமல், பதினேழு மட்டும் ஏன் இறங்கியது?"
பதினேழு மூன்றாம் குழு.
தண்ணீர் குடித்தே நூற்றுத் தொண்ணூறு.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
அட்டவணையில் அதன் தலைமேல் ஒரு நட்சத்திரம் போட்டோம்.
நட்சத்திரம் போட்டால் கணக்கில் சேராது.

இருபத்தெட்டாம் நாள் கணையம் எடுக்க வேண்டும்.
குணமானதும் குணமாகாததும்
ஒரே காலையில், ஒரே தட்டில்.
கட்டுரையில் அதற்குப் பலி என்று எழுதுவார்கள்.
எந்தச் சாமிக்கென்று எழுதுவதில்லை.

அதற்கு முந்தின நாள்
மிஞ்சிய இலைத் துணுக்கு ஒன்றை வாயில் போட்டு
மென்றுகொண்டே கூண்டுகளைக் கழுவினேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
அதே நேரம் அவர் தம்பிக்கு நிக்காஹ் நிச்சயமாகி
வந்தது ஒரு பெரிய சட்டி அல்வா,
எல்லோருக்கும் ஒரு கரண்டி, சுடச்சுட.
நாக்கில் ஏலம் வந்தது, குங்குமப்பூ வந்தது,
நெய் வந்தது, பன்னீர் வந்தது.
இனிப்பு மட்டும் வரவில்லை.
கல்யாண வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க
மாப்பிள்ளையைக் காணோம் என்பதுபோல.
சர்க்கரைக்கொல்லி என்று சும்மா பெயர் வைக்கவில்லை.
"எப்படி இருக்கிறது?"
நன்றாக இருக்கிறது என்றேன்,
பசையை விழுங்கியபடி.

நாற்பது நிமிடம் கழித்து
எலி அறையில் கையுறையைக் கழற்றியபோது
கட்டைவிரல் இடுக்கில் ஒட்டியிருந்த நெய்யை நக்கினேன்.
வந்தது.
கண்ணில் நீர் முட்டும் அளவுக்கு வந்தது.
மூன்று வருடமாக டீயில் சர்க்கரை போடாதவள்
இன்னொரு விரலையும் நக்கினேன்.

எலிகளின் மீட்டரில் கீற்று ஒன்று மிச்சம் இருந்தது.
கூடாது. தெரியும்.
விரல் நுனி, ஒரு சொட்டு, ஐந்து நொடி.
இருநூற்று முப்பத்தொன்று.
எந்தக் குழுவிலும் எழுத இடமில்லாத எண்.
கீற்றைத் தாளில் சுற்றிச் சிவப்புத் தொட்டியில் போட்டேன்.

பதினேழின் புட்டி காலியாக இருந்தது.
நாளைக் காலை வரைதான்,
ஆனாலும் விளிம்புவரை நிரப்பினேன்.